கோட்டுக்குள் இருந்த அன்னம்மா

என் தாய்மாமனுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று அவருடைய மீசை. மற்றொன்று, அவர் ஒட்டுப்போட்ட துணியில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது. இந்த இரண்டையும் அவர் ஒரே வாரத்தில் ஒரு ரஷ்யாக்காரருக்காகச் செலவழித்தார். பெரிய புண்ணியம் செய்துவிட்டோம் என்ற பூரிப்பில் இன்றுவரை இருக்கிறார். இருக்கட்டும்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் மாமாவின் தையல் கடை. கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அப்பா சேலம் பஸ்ஸில் கண்டக்டர். பாதி நாள் மலையில், பாதி நாள் கீழே. ஆகவே வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்குத் தம்பி என்றாலும் அம்மாவையே அதட்டுவார். நான் அப்போது கான்வென்ட்டில் நாலாம் வகுப்பு. அங்கே எதைச் சொன்னாலும் கடைசியில் ஆமென் போடவேண்டும். அது என் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் சோறு தின்று முடித்தாலும் ஆமென், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் ஆமென். இவளை இப்படியே விட்டால் நம் வீட்டு மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று அம்மா என் தலையில் குட்டுவாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கிளியூர் போகிற வழியில் ஓர் எஸ்டேட்டின் நாற்றங்கால் இருந்தது. பேரி, ஆரஞ்சு, ரோஜாப் பதியங்கள். அதைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார் அந்த ரஷ்யாக்காரர். வயிறுவரைக்கும் வெள்ளைத் தாடி. தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் எங்கள் ஊர்த் தமிழை எஸ்டேட் ஆட்களிடம் படித்தவர் என்பதால் மரியாதை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. ஆட்டுக்குட்டியைக்கூட, ஏனுங்க, அந்தச் செடியைத் தின்னாதீங்க என்றுதான் விரட்டுவார். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம். அவர் என்னைச் சாமி என்பார். மாமா அவரைச் சாமி என்பார். இரண்டு சாமிகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். எனக்கு அவர் ரஷ்யாத் தாத்தா.

அவர் கதையை நான் மாமாவிடம் கேட்டேன். மாமா அவரிடம் கேட்டார். நடுவில் மாமா எங்கெங்கே ஒட்டுப்போட்டாரோ தெரியாது. அதுதான் சொன்னேனே, கண்டுபிடிக்க முடியாது.

தாத்தா அவர்கள் ஊரில் பாதிரியார். நம் ஊர்ப் பாதிரியார்களைப்போல அல்ல. அவர்கள் வழக்கத்தில் பாதிரியார் குடும்பம் நடத்தலாம். மனைவி பெயர் அன்னா. ஒரு பெண் குழந்தை. அந்த நேரத்தில் சாமியே கிடையாது என்று சொல்கிற சர்க்கார் வந்தது. கோயில் மணியை இறக்கி உருக்குவதற்கு எடுத்துப்போனார்கள். சாமி இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கினார்கள். இத்தனை நாளும் சனங்களை ஏமாற்றினேன், சாமி இல்லை என்று ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு தடவை சொல்லிவிடு, பள்ளிக்கூடத்தில் வேலை போட்டுத் தருகிறோம் என்று இவரிடம் கேட்டார்கள். இவர் மாட்டேன் என்றார். நெஞ்சிலேயே மிதித்து விலா எலும்பை ஒடித்து, பனிக்காட்டுக்கு மரம் வெட்ட அனுப்பினார்கள். அங்கே இருக்கும்போதுதான் மனைவியும் மகளும் பசியிலும் குளிரிலும் செத்துப்போன சேதி வந்தது. பிறகு பெரிய யுத்தம். கைதியாக இருந்த போலந்துக்காரர்களை விடுதலை செய்தபோது அந்தக் கும்பலோடு இவரும் கலந்து, ரயில், லாரி, கப்பல் என்று பம்பாய்ப் பக்கம் அகதிகள் முகாமுக்கு வந்துவிட்டார். யுத்தம் முடிந்து மற்றவர்கள் ஆளுக்கொரு தேசம் போனார்கள். இவருக்குப் போக இடமில்லை. இந்தத் தேசத்தில் எங்கேயாவது குளிருமா என்று கேட்டிருக்கிறார். யாரோ ஏற்காடு என்று சொல்லியிருக்கிறார்கள்.

குளிரில் அவ்வளவு பட்டவர் எதற்காகக் குளிரைத் தேடி வரவேண்டும் என்று அம்மாவுக்குப் பெரிய சந்தேகம். மார்கழியில் மஞ்சு இறங்கி எதிரே இருக்கிற ஆள் தெரியாமல் போகும்போது, நாங்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் ஒண்டுவோம். அவர் மட்டும் வெளியே வந்து ரோட்டில் நிற்பார். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக் மரங்களின் வெளுத்த அடிமரத்தைத் தடவிக்கொண்டே நடப்பார். அவர்கள் ஊரிலும் அப்படி வெள்ளை மரம் உண்டாம். அது வேறு மரம், இது வேறு மரம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தடவுவார்.

மாமாவை வாட்டியது வேறு விஷயம். ஒரு நாள் பேச்சுவாக்கில், உங்கள் வீட்டம்மாவுக்குக் காரியமெல்லாம் எங்கே வைத்துச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டார். செய்யவில்லை, என்னால் முடியவில்லை என்று அவர் சொன்னாராம். அன்றைக்கு மாமா சரியாகச் சாப்பிடவில்லை. தூரதேசத்தில் ஒரு பொம்பளை, ஒரு வாய் எள்ளும் தண்ணீரும் இல்லாமல் இத்தனை வருஷமாகத் தவித்துக்கொண்டிருக்கிறாளே என்று அம்மாவிடம் புலம்பினார். அன்னா என்ற பெயர் மாமாவின் வாயில் அப்போதே அன்னம்மா ஆகிவிட்டது. நம் வீட்டு அக்கா ஒருத்தியைப்போல அவளைப் பற்றிப் பேசுவார்.

இன்னொரு வருத்தமும் இருந்தது. அது தொழில் வருத்தம். தாத்தாவிடம் ஒரு பழைய கம்பளிக் கோட்டு. சிறையிலிருந்தே கூட வந்தது. அதன் உள்பக்கத் துணி கிழிந்து தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு தினம் தையல் கடை வாசலோடு போவார். தையல்காரனுக்கு இதைவிட அவமானம் உண்டா? கழற்றிக் கொடுங்கள், லைனிங் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்று மாமா வருஷாவருஷம் கேட்பார். தாத்தா கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்த வருஷம் மே மாதம், பூக்கண்காட்சிக்குக் கூட்டம் ஏறிய சமயத்தில், தாத்தா கடைக்கு வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நெய்வேலியில் வேலைக்கு வந்திருந்த ரஷ்ய எஞ்சினியர்கள் சிலர் மலை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி ரோஜாப் பதியம் வாங்க நாற்றங்காலுக்கு வந்தவள், இவர் செடியிடம் முணுமுணுத்த பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாளாம். மறுநாள் தனியாக வந்து அழுதிருக்கிறாள். அவளுக்குச் சின்ன வயதில் அவள் அம்மா ரகசியமாக ஞானஸ்நானம் செய்து வைத்திருந்தாள். புருஷனுக்குக்கூட அது தெரியாது. தெரிந்தால் வேலை போகும், அவளும் எங்கே போவாளோ தெரியாது. அந்த மாதக் கடைசியில் அவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் கண்காட்சிக்குப் போகும்போது, தலைவலி என்று சொல்லித் தங்கிவிட்டு வருகிறேன், எனக்காக ஒரு பூசை செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறாள்.

"எங்க வழக்கத்துல தனியாப் பூசை பண்ணக் கூடாதுங்க" என்று தாத்தா மாமாவிடம் சொன்னார். "கூட நின்னு பதில் சொல்ல ஒருத்தராவது வேணும். இந்த ஊருக்கு வந்த நாளா எனக்கு யாரும் இல்ல. இப்ப ஒருத்தி வர்றாளுங்க. அன்னாவுக்காக ஒரு பூசை, பொண்ணுக்காக ஒரு பூசை. அதுக்குத்தான் இத்தன நாள் உசுரோட இருந்திருக்கேன்."

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. பதில்தானே, இத்தனை வருஷமும் சொல்லியிருந்தால் நானே வந்து நின்றிருப்பேனே, எல்லாச் சாமியும் ஒன்றுதானே என்றார். தாத்தா அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே தாத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவரை மாமாவும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் கோட்டாலேயே போர்த்தி, எஸ்டேட் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நர்சம்மா கோட்டைக் கழற்றி மாமாவின் கையில் கொடுத்து, இது நாறுகிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவையுங்கள் என்று சொல்லிவிட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இத்தனை வருஷமாகக் கேட்டும் கிடைக்காத கோட்டு! ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் மாப்பிள்ளைபோல நிற்க வேண்டும் என்று மாமா மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லைனிங்கைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளே தார்ப்பாய்த் துண்டில் சுற்றி ஒரு துணி இருந்தது. பழுத்துப்போன துணி, விரித்தால் ஒரு கைக்குட்டையைவிடப் பெரிது, துண்டைவிடச் சின்னது. அதில் ஒரு படம். ஒரு ஆளின் பிணத்தைக் கிடத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் பெண்கள் நின்று அழுகிறார்கள். ஓரத்தில் புரியாத எழுத்து. பின்பக்கத்தில் சின்னப் பைபோல ஒன்றை வைத்துத் தைத்திருந்தது. மாமா அதைத் தடவிப் பார்த்தார். பிரித்தார். மெழுகுக்குள்ளே நெல்மணி அளவுக்கு ஒரு எலும்புத் துணுக்கு.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எலும்பு, பிணத்தைச் சுற்றி அழுகிற படம், யாருக்கும் காட்டாமல் கோட்டுக்குள் வைத்துத் தைத்த பை. வேறென்ன வேண்டும்?

"அக்கா, இது அன்னம்மாதான்" என்றார் மாமா. "கரைக்கறதுக்கு ஒரு ஆறு கெடைக்காம, பாவம், நெஞ்சுலயே வெச்சுச் சொமந்திருக்காரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதே கையோடு எங்கள் இருவரையும் கிணற்றடிக்கு விரட்டித் தலைக்குக் குளிக்கச் சொன்னாள். தையல் மிஷினுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இரக்கம் வேறு, தீட்டு வேறு.

தாத்தாவைக் கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று அம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லத்தான் செய்தாள். காய்ச்சலில் கண்ணே திறக்காத மனுஷனிடம் போய், உன் பெண்டாட்டி எலும்பை எடுத்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறாயா என்று மாமா அதட்டினார். அவர் நாளைக்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அன்னம்மா கதி என்ன என்றும் கேட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு மாமா கிளம்பினார். புது மண்கலயத்தில் வெள்ளைத் துணி கட்டி அன்னம்மாவை வைத்திருந்தார். நான் தரையில் புரண்டு அழுது கூடவே ஒட்டிக்கொண்டேன். எனக்கு அது சுற்றுலா. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே சேலம் போய், அங்கிருந்து பவானிக்கு இன்னொரு பஸ். கூடுதுறையில் மே மாதத்துக் காவேரியில் தண்ணீர் சொற்பம், பாறைகளெல்லாம் தலைகாட்டிக்கொண்டிருந்தன. படித்துறையில் மாமா நாவிதரின் முன்னே உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். மீசைக்கு வந்தபோது நாவிதரே, நிஜமாகவா என்று கேட்டார். பெற்ற அப்பாவுக்கு எடுத்த பிறகு அந்த மீசையில் கத்தி பட்டதில்லை.

புரோகிதர் கோத்திரம் கேட்டார். மாமா விழித்தார். தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று அவரே வழி சொன்னார். இறந்தவர் பெயர் கேட்டபோது அன்னம்மா என்றும், உறவு கேட்டபோது அக்காள் முறை என்றும் மாமா கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கலயத்தைக் கவிழ்த்துக் கரைத்தார். கரையேறும்போது அவர் அழுதார். நான் அழவில்லை; எனக்கு மாம்பழம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

மாமா அன்றைக்குக் காவேரியில் கரைத்தது என்ன என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது. பெரியவளாகி, சிநேகிதி ஒருத்தியின் கல்யாணத்துக்குக் கோட்டயம் போயிருந்தேன். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் ஒரு வயதான பாதிரியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சு எங்கெங்கோ போய் இதில் வந்து நின்றது. நான் சொன்னதைக் கேட்டு அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ரஷ்யா வழக்கத்தில் அந்தத் துணி இல்லாமல் பூசை கிடையாதாம். கோயிலே இடிந்து போனாலும், அதை எங்கே விரிக்கிறார்களோ அங்கே கோயில். பெரிய குரு கையெழுத்துப் போட்டுத் தருகிற துணி அது. படத்தில் கிடப்பது ஏசுநாதர். பின்னால் வைத்துத் தைத்திருந்தது அன்னம்மாவும் அல்ல, வேறு யாருடைய மனைவியும் அல்ல. சாமியை மறுக்கமாட்டேன் என்று அடிபட்டுச் செத்த ஒரு பழைய புண்ணியவானின் எலும்பு. துணிக்கு உயிரே அதுதான். அது போய்விட்டால் படம் போட்ட வெறும் துணி. அந்தக் காலத்தில் அதை வைத்திருந்ததற்காகவே சுட்டிருக்கிறார்கள்; அதனால் பாதிரியார்கள் கோட்டுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார்களாம். பனிக்காட்டிலும், கப்பலிலும், அகதி முகாமிலும் தொலையாமல் வந்த ஒன்றை, பூசைக்கு ஆள் கிடைத்த அந்த ஒரே வாரத்தில், எங்கள் மாமா மொட்டை போட்டுக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிட்டு வந்தார். அந்தப் பாதிரியார் இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சனிக்கிழமை தாத்தா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு நடந்து வந்தார். வாசலில் நின்றபடியே கோட்டு எங்கே என்று கேட்டார். மாமா உள்ளேயிருந்து அதைக் கல்யாணச் சட்டைபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். நீல சாட்டின் லைனிங். தாத்தா அதைக் கண்டுகொள்ளவில்லை. உள்ளே கையை விட்டார். துணி இருந்தது, மாமா அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பழையபடி உள்ளே வைத்திருந்தார். தாத்தாவுக்கு மூச்சு வந்தது. பிறகு விரல் துணியின் நடுவுக்குப் போய்த் தடவியது. நின்றது. திருப்பிப் பார்த்தார். பை இருந்தது. அதே நிற நூலில் மாமா அதை மறுபடி மூடித் தைத்திருந்தார். ஒட்டு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மாமா நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். கலயம், பஸ், புரோகிதர், சிவ கோத்திரம். சொல்லச் சொல்ல தாத்தாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டே போனது. காய்ச்சல்காரரை நிற்க வைத்துப் பேசுகிறோமே என்று அம்மா ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"யாருன்னு சொல்லிக் கரைச்சீங்க?" என்று கேட்டார்.

"உங்க ஊட்டம்மாதானுங்க. அன்னம்மா."

"அன்னா பேரைச் சத்தமாச் சொன்னீங்களா?"

"சொல்லாம எப்படீங்க? ஐயரு மூணு வாட்டி சொல்லச் சொன்னாருங்க."

அப்போதுதான் தாத்தா மாமாவை நிமிர்ந்து பார்த்தார் என்று நினைக்கிறேன். மொட்டைத் தலையைப் பார்த்தார். மேலுதட்டில் மீசை இருந்த வெளிறிய இடத்தைப் பார்த்தார். மாமாவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"அது கெடக்குதுங்க சாமி, மொளச்சுக்கும்" என்றார்.

தாத்தா ஸ்டூலில் உட்கார்ந்தார். துணியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, நீயும் போனாயா சாமி, தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "கொஞ்சந்தானுங்க தாத்தா இருந்துச்சு. ஆனா வெதுவெதுன்னு இருந்துச்சுங்க" என்றேன்.

"வெதுவெதுன்னு" என்று அவர் திருப்பிச் சொன்னார். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டார். மறுபடியும், "வெதுவெதுன்னு" என்றார். தாடியெல்லாம் நனைந்து போகிற அளவுக்கு அழுதார். அழுதுகொண்டே எழுந்து, மாமாவின் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். கடைவீதியே பார்த்தது. நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு கிளியூர் ரோட்டில் நடந்தார். இத்தனை வருஷம் சுமந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அழுகிறார் என்று மாமா அம்மாவிடம் விளக்கினார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பால் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் போகும்போது தாத்தா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது, பாலை வைத்துவிட்டு வேண்டுமானால் திண்டின்மேல் உட்கார்ந்து பார் என்றார். உள்ளே அந்த அம்மாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெளுத்த, இளவயதுப் பெண். வாசலில் நிழல் ஆடினால்கூடத் திரும்பிப் பார்த்தாள். சன்னலோரம், பதியம் போடுகிற கனத்த தேக்கு மேசை இருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எலும்பாக வெளுக்க வைத்திருந்தார். அதன்மேல் மெழுகுவத்தி, அவரே சுட்ட குட்டி ரொட்டி, ஒரு கிண்ணத்தில் ஒயின்.

மேசையில்தான் பூசை நடக்கப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா மேசைமுன் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அந்தத் துணியைக் கையில் எடுத்தார், விரிக்கவில்லை. பிறகு அந்த அம்மாளிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர் கயிற்றுக் கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டார்.

அவர் நெஞ்சை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் குழிந்து, எலும்புகள் கோணல்மாணலாகச் சேர்ந்திருந்தன. பூசைக்கென்று கழுத்தில் போட்டிருந்த பூவேலைப் பட்டையை ஒதுக்கிவிட்டு, அந்த எலும்புகளின்மேல் துணியை அவரே தன் கையால் விரித்தார். ரொட்டியும் கிண்ணமும் அதன்மேல் வந்தன. ஒரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, பாட ஆரம்பித்தார். மூச்சு விடும்போதெல்லாம் கிண்ணம் ஏறி இறங்கியது. அந்த அம்மாள் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு, பயந்துகொண்டே, பாதி மறந்த மாதிரி பதில் சொன்னாள். நடுவில் அன்னா என்ற பெயர் வந்தது எனக்கே கேட்டது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவள் ஆமென் என்றாள். அது எனக்குத் தெரிந்த சொல்லாயிற்றே. ஒரு இடத்தில் அவளுக்கு அழுகை முட்டிக் குரல் வராமல் போனது. நான் வாசலிலிருந்து ஆமென் என்று சொல்லிவிட்டேன். தாத்தா தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, அவர் படுத்துக்கொண்டே சாமி கும்பிடுகிறார் என்று புகார் சொன்னேன். காய்ச்சல் விட்ட உடம்பு, நிற்க முடியவில்லைபோல என்று அம்மா பரிதாபப்பட்டு ரசஞ்சோறு கரைத்துத் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினாள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் போய்விட்டிருந்தாள். நோயாளி ஏணியை வைத்துப் பேரிக்காய் மரத்தில் ஏறி நின்று, காய்ந்த கிளையை வெட்டிக்கொண்டு, பாடிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் சோற்றைச் சுமந்து வந்திருக்கிறேனே! காய்ச்சல் இல்லையென்றால் எதற்காகப் படுத்துக்கொண்டு பூசை செய்தீர்கள் என்று கீழேயிருந்து கேட்டேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"மாமா கேட்டா, மேசை ஆடுச்சுன்னு சொல்லிரு, சாமி. நம்ம ஊட்டு மேசை நொம்ப ஆடுச்சுன்னு சொல்லிரு."

அப்படியே சொன்னேன். மாமா சும்மா இருப்பாரா? மறுநாளே சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனார். நானும் போனேன். மேசையைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், நான்கு காலையும் அசைத்துப் பார்த்தார். அது மலைபோல நின்றது. வந்ததற்கு இருக்கட்டும் என்று நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். தாத்தா பக்கத்திலேயே நின்று, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

அந்த அம்மாள் பிறகு வரவில்லை. அவளைப் பற்றி எந்தச் சேதியும் இல்லை. தாத்தா மூன்று நான்கு வருஷம் இருந்தார். தை, ஆடி அமாவாசைகளில் மாமா அன்னம்மாவுக்கு இலை போடும்போது தவறாமல் வருவார். வடையும் பாயசமும் வைத்த அந்த இலைமுன் கைகட்டி நின்று, ஏதோ முணுமுணுப்பார். முடிக்கும்போது என் பக்கம் பார்ப்பார். நான் ஆமென் என்பேன். அம்மா அந்த நாட்களில் மட்டும் என்னைக் குட்டுவதில்லை. பூசை என்று அவர் அதற்குப் பிறகு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

கோட்டயத்துப் பாதிரியார் கடைசியாகச் சொன்னது இது. சிறையில் துணியும் எலும்பும் கிடைக்காதபோது, சாமிக்காக உடம்பில் அடிபட்டவன் ஒருவனைப் படுக்கவைத்து, அவன் நெஞ்சின்மேல் பூசை செய்வார்களாம். உயிரோடு இருந்தாலும் அதுவும் அதே எலும்புதானாம்.

மாமாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. தாத்தா போன பிறகு அந்தத் தேக்கு மேசை மாமாவின் கடைக்கு வந்தது. அதன்மேல்தான் இன்றைக்கும் துணி வெட்டுகிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "பாத்தியா கண்ணு, எத்தன வருசமாச்சு, ஒரு ஆட்டம் ஆடுதா? நானடிச்ச ஆணி" என்பார். ஆடவில்லை மாமா என்று சொல்லிவிட்டு, நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.